வீட்டில் நான்கு ஹார்டு டிஸ்க்: படமும் பாட்டும் போட்டோவும் எந்த அமைப்பில் வைப்பது?

நான்கு ஹார்டு டிஸ்க்கை வாங்கி வந்து மேசைமேல் அடுக்கிய பிறகுதான் பெரும்பாலானோர் ‘ரெய்டு 5 போடவா, 6 போடவா’ என்று கேட்கத் தொடங்குகிறார்கள். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இவற்றில் எதை இழந்தால் அழுவீர்கள்? அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்றதெல்லாம் கணக்குதான்.

ரெய்டு என்ற யோசனையை 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் ஆகிய மூவர் கட்டுரையாக வெளியிட்டார்கள். ஒரு விலையுயர்ந்த பெரிய டிஸ்க்குக்குப் பதில் மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்து ஓட்டுவதும், அதில் ஒன்று போனாலும் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்வதும்தான் நோக்கம். வேலை நிற்கக் கூடாது என்பது வங்கிக்கும் அலுவலகத்துக்கும் பெரிய விஷயம். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலை படம் ஒருநாள் ஓடவில்லை என்றால் குடி முழுகிவிடாது. இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

படி 1: பொருளை மூன்றாகப் பிரியுங்கள்

ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள். முதல் பத்தியில், போனால் திரும்பவே வராதவை: குழந்தைகளின் போட்டோ, கல்யாண வீடியோவின் மூலக் கோப்பு, பழைய கேசட்டிலிருந்து எடுத்த தாத்தாவின் குரல். இரண்டாவதில், மெனக்கெட்டால் மறுபடி எடுக்கக்கூடியவை: சொந்தமாக வாங்கிய ப்ளூ-ரே, டிவிடி, ஆடியோ சிடிகளிலிருந்து எடுத்த பிரதிகள். மூன்றாவதில், போனால் போகட்டும் வகை: டிவியில் பதிவு செய்த நிகழ்ச்சிகள், எங்கும் கிடைக்கிற கோப்புகள்.

இந்த வழிகாட்டி முழுக்க ஒரே உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். முதல் பத்தி 1.5 டிபி, இரண்டாவது 9 டிபி, மூன்றாவது 4 டிபி, மொத்தம் 14.5 டிபி. அடுத்த மூன்றாண்டு வளர்ச்சியையும் சேர்த்தால் 22 டிபி வரை இடம் வேண்டும். பெட்டியில் 8 டிபி என்று அச்சிட்டிருக்கும் டிஸ்க்கைக் கணினி 7.28 என்று காட்டும். யாரும் ஏமாற்றவில்லை, ஒருவர் ஆயிரத்தால் வகுக்கிறார், மற்றவர் 1024-ஆல் வகுக்கிறார். கணக்கு முழுவதையும் ஒரே அளவுகோலில் போட்டால் குழப்பம் வராது.

இரண்டாவது பத்தியை அலட்சியமாக நினைக்காதீர்கள். ஒரு 4கே ப்ளூ-ரேயிலிருந்து பிரதி எடுக்க ஒரு மணி நேரம் என்று வைத்தால்கூட, 150 டிஸ்க் என்பது 150 மணி நேரம், அதுவும் டிரேயில் டிஸ்க் மாற்றிப் போட்டுக்கொண்டு. இந்த உழைப்பைக் காக்கத்தான் பேரிட்டி, அதாவது ஒரு டிஸ்க் போனால் அதிலிருந்ததைக் கணக்கிட்டு மீட்க எழுதிவைக்கும் கூடுதல் தரவு. முதல் பத்தியைப் பேரிட்டியும் காக்காது, ரெய்டும் காக்காது. பேக்கப் மட்டுமே காக்கும். கை தவறி அழித்த போட்டோவை ரெய்டு எல்லா டிஸ்க்கிலும் ஒரே நொடியில் விசுவாசமாக அழித்துவிடும்.

படி 2: வேகம் உண்மையில் எவ்வளவு வேண்டும்?

4கே ப்ளூ-ரேயின் உச்ச வேகம் விநாடிக்கு 128 மெகாபிட், அதாவது 16 எம்பி. இன்றைய 8 டிபி டிஸ்க் ஒன்று, உள்வட்டத்தில் மெதுவாகப் படிக்கும்போதும் விநாடிக்கு 100 எம்பிக்குக் குறையாது. வீட்டில் மூன்று டிவியிலும் ஒரே நேரத்தில் 4கே ஓடினாலும் ஒற்றை டிஸ்க்கே தாங்கும். சாதாரண கிகாபிட் நெட்வொர்க்கில் கோப்பு நகலெடுக்கும் வேகம் 110 எம்பியைச் சுற்றியே நின்றுவிடும். ஆகவே வேகத்துக்காகப் பல டிஸ்க்குகளில் தரவைக் கீற்றுக் கீற்றாகப் பிரிப்பது வீட்டு மீடியாவுக்கு வீண். அப்படிப் பிரிப்பதை மட்டுமே செய்யும் ரெய்டு 0 பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை: நான்கில் ஒன்று போனால் நான்கும் போகும்.

படி 3: அமைப்பைத் தேர்ந்தெடுத்தல்

பேரிட்டி என்பதை ஒருமுறை விரலால் எண்ணிப் பார்த்துவிட்டால் மற்றதெல்லாம் எளிதாகப் புரியும். மூன்று டிஸ்க்கில் ஒரே இடத்தில் 1, 0, 1 என்று இருக்கிறது. நான்காவதில் ஓர் இலக்கம் எழுதுகிறோம், மொத்தத்தில் ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி. இங்கே ஏற்கெனவே இரண்டு ஒன்றுகள் இருப்பதால் 0 எழுதினால் போதும். இப்போது மூன்றாவது டிஸ்க் செத்துவிட்டது: 1, 0, தெரியவில்லை, பேரிட்டி 0. இரட்டைப்படை வர வேண்டுமானால் தொலைந்தது 1-ஆகத்தான் இருக்க முடியும். அவ்வளவுதான் சூட்சுமம். தொலைந்த ஒன்றைக் கண்டுபிடிக்க மற்ற எல்லாமும் ஒழுங்காக இருந்தாக வேண்டும் என்பதையும் கவனியுங்கள். சிக்கல்கள் எல்லாம் அங்கிருந்துதான் வருகின்றன.

நான்கு 8 டிபி டிஸ்க்கில் ரெய்டு 5 போட்டால் ஒரு டிஸ்க் அளவு பேரிட்டிக்குப் போய் 24 டிபி கிடைக்கும், ஒரு டிஸ்க் போகலாம். ரெய்டு 6 என்றால் பேரிட்டிக்கு இரண்டு டிஸ்க் அளவு போய் 16 டிபி, எந்த இரண்டும் போகலாம். டிஸ்க்குகளை ஜோடியாக்கி இரண்டிலும் ஒரே தரவை எழுதும் ரெய்டு 10-க்கும் 16 டிபிதான். ஆனால் இரண்டாவதாகப் போவது முதலில் போனதன் ஜோடியாக இருந்தால் கதை முடிந்தது. நான்கு டிஸ்க்கில் 6-க்கும் 10-க்கும் இடையே தேர்வு என்றால், மீடியாவுக்கு 6.

ரெய்டு 5 பற்றி இணையத்தில் ஒரு பயமுறுத்தல் சுற்றுகிறது. சாதா டிஸ்க்குகளின் விவரத்தாளில் 10-இன் 14-ஆம் அடுக்கு பிட்டுக்கு ஒரு படிக்க முடியாத பிழை வரலாம் என்று போட்டிருக்கும், அது 12.5 டிபி. ஒரு டிஸ்க் போய் மீட்டெடுக்க மிச்சம் மூன்றிலிருந்தும் 24 டிபி படிக்க வேண்டுமே, அப்படியானால் பிழை நிச்சயம் என்று வாதம். கணக்கு சரி, முடிவு மிகை. அந்த எண் உற்பத்தியாளர் ஒப்புக்கொள்ளும் கீழ் எல்லை. அதுவே நடைமுறையாக இருந்தால் மாதாமாதம் முழு டிஸ்க்கையும் படித்துச் சரிபார்ப்பவர்கள் ஒவ்வொரு முறையும் பிழை பார்க்க வேண்டும், பார்ப்பதில்லை. உண்மையான அபாயம் வேறு: வருடக்கணக்கில் யாரும் திறக்காத படம் இருக்கும் இடத்தில் டிஸ்க் சத்தமில்லாமல் கெட்டிருக்கும். இன்னொரு டிஸ்க் போய் மீட்பு தொடங்கும்போதுதான் அது தெரியவரும். சீரான இடைவெளியில் முழுதும் படித்துப் பார்க்காத எந்த அமைப்பும், அதன் எண் 5-ஆக இருந்தாலும் 6-ஆக இருந்தாலும், பாதி அமைப்புதான்.

இனி நம் தேர்வு. படங்கள் ஒருமுறை எழுதப்பட்டுப் பலமுறை படிக்கப்படுபவை. இந்தக் குணத்துக்கென்றே தைத்த சட்டை போல இருப்பது ஸ்னாப்ரெய்டு என்ற மென்பொருள். ஒவ்வொரு டிஸ்க்கிலும் சாதாரண கோப்பு முறை, முழுக் கோப்புகள். பேரிட்டி டிஸ்க் மட்டும் தனி. பேரிட்டி ஒவ்வொரு எழுத்துக்கும் உடனுக்குடன் மாறாது. நீங்கள் ‘சிங்க்’ கட்டளை கொடுக்கும்போது, வழக்கமாக இரவில், கணக்கிடப்படும். இதனால் மூன்று நன்மைகள். பேரிட்டியால் மீட்க முடிவதற்கு மேல் டிஸ்க்குகள் போனாலும், போன டிஸ்க்கில் இருந்தவை மட்டுமே போகும். ரெய்டு 5-இல் இரண்டு போனால் எல்லாமே போகும். எந்த டிஸ்க்கையும் கழற்றி வேறு லினக்ஸ் கணினியில் மாட்டினால் அப்படியே படிக்கலாம். ஒரு படம் ஓடும்போது அந்த ஒரு டிஸ்க் மட்டும் சுழலும், மற்றவை தூங்கும். ஆறு டிஸ்க்கோடு இரவுபகலாக 60 வாட் இழுக்கும் பெட்டி, தமிழ்நாட்டின் இரண்டு மாத மின் கணக்கில் 86 யூனிட். தூங்கவிடுவது வீண் கஞ்சத்தனமில்லை.

அதன் பலவீனத்தையும் நெருங்கிப் பாருங்கள். முதல் டிஸ்க்கில் ஒரு படம், இரண்டாவது டிஸ்க்கில் அதே இடத்துக்கு நேராக ஒரு இசைக் கச்சேரிப் பதிவு. நேற்றிரவு இரண்டையும் சேர்த்துப் பேரிட்டி கணக்கிட்டாயிற்று. இன்று காலை படத்தை அழித்தீர்கள். மாலையில், சிங்க் ஓடுவதற்கு முன், இரண்டாவது டிஸ்க் செத்துவிட்டது. கச்சேரியை மீட்க அந்தப் படமும் வேண்டும், அது இல்லை. கச்சேரியும் போயிற்று. அழிக்கும் வேலையைத் தள்ளிப்போட்டு, வாரம் ஒருமுறை சிங்குக்குச் சற்று முன்னால் செய்வது இதற்குக் கைமருந்து. தினமும் மாறுகிற கோப்புகளை ஸ்னாப்ரெய்டில் வைக்கக் கூடாது என்பதும் இதனால்தான்.

ஆகவே பரிந்துரை இரண்டு அடுக்கு. படத்தொகுப்புக்கு நான்கு 8 டிபி, அதில் மூன்று தரவுக்கு, ஒன்று பேரிட்டிக்கு; 24 டிபி கிடைக்கும். முதல் பத்திச் சொத்துக்கு இரண்டு 4 டிபி டிஸ்க்கில் இசட்எஃப்எஸ் என்ற கோப்பு முறையின் மிர்ரர் (இரண்டிலும் ஒரே தரவு), கூடவே பேக்கப். கை இறுக்கமென்றால் மிர்ரரில் ஒரு டிஸ்க்கைக் குறைத்து அந்தப் பணத்தில் பேக்கப் டிஸ்க் வாங்குங்கள். மிர்ரர் இருந்து பேக்கப் இல்லாத வீட்டைவிட பேக்கப் இருந்து மிர்ரர் இல்லாத வீடு மேல்.

மற்ற வழிகளையும் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். திருகாணியைத் தொட விருப்பமில்லாதவர்களுக்கு சைனாலஜி போன்ற ஆயத்தப் பெட்டி நல்லது. அதன் எஸ்எச்ஆர் முறை வெவ்வேறு அளவு டிஸ்க்குகளை வீணாக்காமல் சேர்க்கும். 8, 8, 4, 4 என்று இருந்தால் பழைய ரெய்டு 5 தருவது 12 டிபி, எஸ்எச்ஆர் 16. ஆனால் எந்த டிஸ்க்கை ஏற்கும் என்ற பட்டியலை வாங்கும் முன் பாருங்கள்: அந்நிறுவனம் 2025-இல் வெளியிட்ட பிளஸ் வரிசையில் வெளி நிறுவன டிஸ்க்குகளுக்குக் கட்டுப்பாடு போட்டு, அதே ஆண்டு அக்டோபரில் வந்த மென்பொருள் பதிப்பில்தான் தளர்த்தியது. இசட்எஃப்எஸ் மீது பழக்கமுள்ளவர்கள் நான்கு டிஸ்க்கில், ரெய்டு 6 போலவே எந்த இரண்டு போனாலும் தாங்கும் ரெய்டு-இசட்2 போட்டுக்கொள்ளலாம். ஒரு டிஸ்க்கை மட்டும் சேர்த்து விரிவாக்கும் வசதி 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3 முதல் உண்டு. பழைய கோப்புகள் மட்டும் மறுபடி எழுதும்வரை பழைய தரவு-பேரிட்டி விகிதத்திலேயே இருக்கும். லினக்ஸின் இன்னொரு கோப்பு முறையான பிடிஆர்எஃப்எஸ்ஸின் ரெய்டு 5, 6 பக்கம் போகாதீர்கள். அதை உருவாக்குபவர்களே நம்பி வைக்க வேண்டாம் என்கிறார்கள். அதன் ரெய்டு 1 (மிர்ரர்) பரவாயில்லை. மதர்போர்டு பயாஸில் வரும் ரெய்டு வேண்டாம். போர்டு போனால் அதே வகைப் போர்டைத் தேடி அலைய நேரிடும்.

படி 4: டிஸ்க் வாங்குதல்

எழுதும் தடங்கள் ஓட்டு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் வகை எஸ்எம்ஆர். தனித்தனியாக இருப்பது சிஎம்ஆர். எஸ்எம்ஆரில் ஒரு தடத்தைத் திருத்த பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுத வேண்டும், தொடர்ந்து எழுதினால் மூச்சுவாங்கும். மீட்பின்போது பல நாள் இழுக்கும், சமயத்தில் டிஸ்க் பதில் தராமல் வரிசையிலிருந்தே தள்ளப்படும். வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையான சில மாடல்கள் எஸ்எம்ஆர் என்பது 2020-இல் வெளியே வந்து பெரிய சர்ச்சை ஆனது. அதற்குப் பிறகு சிஎம்ஆர் டிஸ்க்குகளுக்கு ரெட் பிளஸ் என்று பெயர் வைத்தார்கள். ரெட் பிளஸ், சீகேட் அயன்வுல்ஃப், தோஷிபா என்300 மூன்றும் சிஎம்ஆர். பாரகுடா வரிசையில் பல எஸ்எம்ஆர். கடைக்காரரிடம் கேட்காதீர்கள், மாடல் எண்ணை வைத்து உற்பத்தியாளரின் விவரத்தாளைப் பாருங்கள்.

நாஸ் (நெட்வொர்க்கில் இணைக்கும் சேமிப்புப் பெட்டி) டிஸ்க்குக்கு இன்னொரு குணம்: ஓர் இடத்தைப் படிக்க முடியாவிட்டால் 7 விநாடியில் கைவிட்டுப் பிழை என்று சொல்லிவிடும். சாதா டிஸ்க் ஒரு நிமிடத்துக்கு மேலும் முட்டி மோதும்; லினக்ஸ் 30 விநாடிதான் பொறுக்கும், பிறகு டிஸ்க்கே போய்விட்டது என்று முடிவு கட்டும். பேரிட்டியை உடனுக்குடன் எழுதும் ரெய்டில் இது ஆபத்து. ஸ்னாப்ரெய்டில் அவ்வளவு பாதிப்பில்லை, ஆகவே கைவசம் உள்ள பழைய சிஎம்ஆர் டிஸ்க்கைத் தரவுக்குப் போடலாம்.

பேரிட்டி டிஸ்க், தரவு டிஸ்க்குகளில் பெரியதற்குச் சமமாகவோ அதைவிடப் பெரிதாகவோ இருக்க வேண்டும். நான்கையும் ஒரே கடையில் ஒரே பெட்டியிலிருந்து வாங்காமல் இரண்டிரண்டாக வெவ்வேறு இடத்தில் வாங்கினால் ஒரே தயாரிப்புத் தொகுதியின் கோளாறு எல்லாவற்றையும் பிடிக்காது. பில்லில் வரிசை எண் எழுதி வாங்குங்கள். வாங்கிய அன்றே உற்பத்தியாளர் தளத்தில் அந்த எண்ணைப் போட்டு இந்தியாவில் வாரன்டி காட்டுகிறதா என்று பாருங்கள். நாஸ் டிஸ்க்குக்கு 3 வருடம், புரோ வகைக்கு 5 வருடம் இருக்க வேண்டும். வாரன்டி இல்லை என்று வந்தால் அது வேறு நாட்டுக்கு விற்ற சரக்கு, அன்றே திருப்பிக் கொடுங்கள்.

படி 5: இணைப்பும் மின்சாரமும்

கெட்டுப்போகும் ‘டிஸ்க்’குகளில் கணிசமானவை உண்மையில் கேபிள் கோளாறு. யூஎஸ்பி பெட்டியில் நான்கு டிஸ்க்கைப் போட்டு ரெய்டு கட்டுவது வேண்டாம். யூஎஸ்பி சிப் ஒருமுறை தும்மினால் நான்கும் ஒரே நேரத்தில் காணாமல் போகும். போர்டிலேயே டிஸ்க் இணைக்கும் சாட்டா போர்ட் ஆறு இருந்தால் சிறப்பு. போதாவிட்டால் ஏஎஸ்எம்1166 சிப் உள்ள ஆறு போர்ட் கார்டு, அல்லது ஐடி முறை ஃபர்ம்வேர் (தானே ரெய்டு கட்டாமல் டிஸ்க்குகளை அப்படியே காட்டுவது) போட்ட எல்எஸ்ஐ 9207-8ஐ கார்டு. எல்எஸ்ஐ கார்டு சர்வர் காற்றோட்டத்துக்கென்று செய்தது, அதன் ஹீட்சிங்க் மேல் சின்ன விசிறி ஒன்று கட்டாயம்.

3.5 அங்குல டிஸ்க் சுழலத் தொடங்கும்போது 12 வோல்ட்டில் ஏறக்குறைய 2 ஆம்பியர் இழுக்கும். ஆறுக்கும் சேர்த்து அந்தச் சில விநாடிகளில் 150 வாட் பக்கம். ஓடும்போது ஒன்றுக்கு 6, 7 வாட்தான். ஓடும் கணக்கைப் பார்த்துச் சின்ன அடாப்டர் வாங்கினால் பெட்டி ஆன் ஆகும்போதே விழும். 450 வாட் நல்ல பவர் சப்ளை போதும். மோலெக்ஸிலிருந்து சாட்டாவுக்கு மாற்றும் ஒயர்களில், பிளாஸ்டிக்கை உருக்கி வார்த்த வகைத் தலை தீப்பிடிப்பதற்குப் பேர்போனது. பவர் சப்ளையோடு வந்த சாட்டா ஒயரையே பயன்படுத்துங்கள்.

வெளிப்பெட்டியைப் பிரித்து எடுத்த டிஸ்க் மாட்டியும் சுழலவே இல்லையென்றால் டிஸ்க்கைக் குறை சொல்லும் முன், பவர் இணைப்பின் மூன்றாவது ஊசிக்கு மேல் மெல்லிய கப்டான் டேப் ஒட்டிப் பாருங்கள். புதிய சாட்டா விதிப்படி அந்த ஊசியில் 3.3 வோல்ட் வந்தால் டிஸ்க் அணைந்தே இருக்கும்.

கரண்ட் போய் வரும் ஊரில் யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்கவே வேண்டாம். 600 விஏ, யூஎஸ்பி ஒயரோடு வருவது. யூபிஎஸ்ஸைக் கண்காணிக்கும் ‘நட்’ மென்பொருளை நிறுவி, பேட்டரிக்கு மாறி மூன்று நிமிடம் கழித்தும் கரண்ட் வராவிட்டால் சர்வர் தானே அணையும்படி வையுங்கள். வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தாலும் யூபிஎஸ் வேண்டும், ஏனெனில் இன்வெர்ட்டர் மாறும் அந்தக் கணத்தை எல்லாப் பவர் சப்ளையும் தாங்குவதில்லை. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரின் மின்சாரத்தைச் சில யூபிஎஸ்கள் ஏற்காமல் பேட்டரியிலேயே நின்று தீர்த்துவிடும்; சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் இந்தத் தொல்லை இல்லை.

சூடு: மே மாதத்துச் சென்னை அறையில் டிஸ்க் 45 டிகிரியைத் தாண்டாமல் இருக்க டிஸ்க் கூண்டுக்கு நேர் முன்னால் 120 மிமீ விசிறி ஒன்று போதும். மூடிய டிவி அலமாரிக்குள் வைத்தால் எந்த விசிறியும் போதாது.

படி 6: போடும் முன் சோதனை

புது டிஸ்க்கில் நேராகத் தரவை ஏற்றாதீர்கள். முதலில் ஸ்மார்ட் விவரத்தை, அதாவது டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் பட்டியலை, எடுத்துச் சேமியுங்கள். அடுத்து நீண்ட சுயசோதனை. 8 டிபிக்கு 14 மணி நேரம் அளவில் ஆகும். பிறகு ‘பேட்பிளாக்ஸ்’ எழுத்துச் சோதனை. அதன் நான்கு வடிவங்களும் முடிய 8 டிபிக்கு நாலரை நாளுக்கு மேல் ஓடும். அவசரமென்றால் ஒரே வடிவம், 28 மணி நேரம். 18 டிபி, அதற்கு மேற்பட்ட டிஸ்க்கில் பிளாக் அளவை 8192 என்று கொடுத்தால்தான் அந்தக் கருவி ஓடும். எல்லாவற்றையும் அழிக்கும் சோதனை இது, டிஸ்க்கின் பெயரை இரண்டுமுறை பாருங்கள்.

முடிந்ததும் ஸ்மார்ட் பட்டியலில் 5, 197, 198 ஆகிய வரிகள் பூஜ்யமாக இருக்க வேண்டும். புது டிஸ்க்கில் அங்கே ஒன்று என்று இருந்தாலும் மாற்றித்தரக் கேளுங்கள். 199 மட்டும் ஏறினால் டிஸ்க் நல்லது, சாட்டா கேபிள் கெட்டது.

இன்னொரு ஐந்து நிமிட வேலை: ஒவ்வொரு டிஸ்க்கின் வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்தையும் துண்டுத் தாளில் எழுதி, மாட்டிய பிறகும் வெளியே தெரியும் ஓரத்தில் ஒட்டுங்கள். கெட்டதை விட்டுவிட்டு நல்லதைக் கழற்றிய கதைகள் ஏராளம்.

படி 7: அமைத்தல்

டெபியன் லினக்ஸையோ, அதன்மேல் கட்டிய ஓப்பன்மீடியாவால்ட்டையோ தனி எஸ்எஸ்டியில் நிறுவுங்கள். டிஸ்க்குகளை எக்ஸ்ட்4 கோப்பு முறையில் ஃபார்மட் செய்யும்போது ஒதுக்கீட்டு இடத்தைக் கவனியுங்கள்: இயல்பாக 5 சதவீதம் நிர்வாகிக்கென்று ஒதுக்கும், 8 டிபியில் அது 400 ஜிபி. தரவு டிஸ்க்கில் 1 சதவீதமாக்குங்கள், பேரிட்டியில் பூஜ்யம். பேரிட்டியில் ஒதுக்கீடே இல்லாமலும் தரவில் சற்றே ஒதுக்கியும் வைப்பதற்குக் காரணம் உண்டு. ஸ்னாப்ரெய்டு 256 கேபி கட்டங்களாகக் கணக்கிடும். ஒவ்வொரு கோப்பின் கடைசிக் கட்டத்திலும் சராசரியாகப் பாதி வீண். இரண்டு லட்சம் சின்னக் கோப்புகள் என்றால் 25 ஜிபிக்கு மேல் பேரிட்டி கூடுதலாக வேண்டும். தரவு டிஸ்க்கை விளிம்புவரை நிரப்பினால் பேரிட்டி டிஸ்க் நிரம்பி சிங்க் நின்றுபோகும். பேரிட்டி ஒரே பெரிய கோப்பு. எக்ஸ்ட்4-இல் ஒரு கோப்பின் உச்சம் ஏறக்குறைய 17.6 டிபி. 18 டிபி டிஸ்க் வாங்கினால் பேரிட்டிக்கு எக்ஸ்எஃப்எஸ் கோப்பு முறை போடுங்கள்.

டிஸ்க்குகளை ‘எஸ்டிஏ, எஸ்டிபி’ என்ற பெயரால் இணைக்காமல், ஒவ்வொன்றுக்கும் தனியாக உள்ள யூயூஐடி எண்ணால் இணையுங்கள். ஒரு கேபிளை இடம் மாற்றினாலே அந்தப் பெயர்கள் மாறிவிடும். ‘நோஃபெயில்’ தெரிவையும் சேர்த்தால் ஒரு டிஸ்க் செத்தாலும் சர்வர் எழுந்துகொள்ளும்.

ஸ்னாப்ரெய்டின் அமைப்புக் கோப்பில் பேரிட்டி இடம், மூன்று தரவு டிஸ்க், கன்டென்ட் கோப்பின் இடங்கள் ஆகியவற்றை எழுதுங்கள். கன்டென்ட் கோப்புதான் எது எங்கே இருக்கிறது என்ற பேரேடு. அது தொலைந்தால் பேரிட்டி வெறும் எண்குவியல். எஸ்எஸ்டியில் ஒன்று, தரவு டிஸ்க்குகளில் இரண்டு என்று மூன்று நகல் வையுங்கள்.

மூன்று தரவு டிஸ்க்கையும் ஒரே கோப்புறையாகக் காட்ட மெர்ஜர்எஃப்எஸ் என்ற மென்பொருள். இதில் யோசிக்க வேண்டியது புதுக் கோப்பு எந்த டிஸ்க்குக்குப் போக வேண்டும் என்ற விதி ஒன்றுதான். காலி இடம் அதிகமுள்ள டிஸ்க்குக்கு அனுப்பும் விதி வைத்தால் ஒரே தொடரின் எபிசோடுகள் மூன்று டிஸ்க்கிலும் சிதறும். வரிசையாகப் பார்க்கையில் ஒவ்வொன்றாக விழித்துக்கொண்டே இருக்கும். ஏற்கெனவே அந்தக் கோப்புறை உள்ள டிஸ்க்குக்கே அனுப்பும் விதி வைத்தால் தொடர் ஒரே இடத்தில் நிற்கும். ஆனால் அந்த டிஸ்க் நிரம்பியதும், மற்றவற்றில் 5 டிபி காலியாக இருக்கும்போதே ‘இடமில்லை’ என்று வரும். பலரைக் குழப்பும் செய்தி இது. வேறு டிஸ்க்கிலும் அதே பெயரில் கோப்புறை உருவாக்கிவிட்டால் சரியாகிவிடும். இரண்டாவது விதியே மீடியாவுக்கு ஏற்றது. குறைந்தபட்சக் காலி இடத்தை 100 ஜிபி என்று வையுங்கள்.

இசட்எஃப்எஸ் மிர்ரருக்கு நான்கு அமைப்புகள்: ஏஷிஃப்ட் 12, ரெக்கார்டுசைஸ் 1 எம்பி, எல்இசட்4 சுருக்கம், ஏடைம் ஆஃப். ஏஷிஃப்ட்டைப் பிறகு மாற்ற முடியாது. ராம் 8 ஜிபி போதும். ஒரு டிபிக்கு ஒரு ஜிபி ராம் என்ற வாய்ப்பாடு வீட்டுக்குப் பொருந்தாது. தினமும் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை அப்படியே நிறுத்திவைக்கும் பதிவு), முப்பது நாள் வைத்திருங்கள். கை தவறி அழித்ததற்கு அதுவே மருந்து. இதன் பேக்கப் ஒன்று வாரந்தோறும் மாட்டி எடுக்கும் யூஎஸ்பி டிஸ்க்கில், இன்னொன்று வேறு வீட்டில்.

படி 8: வாடிக்கை

இரவு 3 மணிக்கு சிங்க். முதல் சிங்க் மட்டும் ஒரு நாள்வரை ஓடும், பிறகு சில நிமிடம். ஆனால் கண்மூடித்தனமாக ஓடவிடாதீர்கள்: 40, 50 கோப்புக்கு மேல் அழிந்திருந்தால் ஓடாமல் மின்னஞ்சல் அனுப்பும்படி ஸ்கிரிப்டில் வரம்பு போடுங்கள். அழிந்தது தவறுதலாக என்றால், சிங்க் ஓடாதவரை ஸ்னாப்ரெய்டால் மீட்க முடியும், ஓடிவிட்டால் முடியாது. ஒரு டிஸ்க் இணையாமல் போனால் அந்த இடம் காலியாகத் தெரியும். ஸ்னாப்ரெய்டு அப்போது நின்று, காலிதானா என்று உறுதிசெய்யச் சொல்லும். அந்த இடத்தில் கட்டாயப்படுத்தும் தெரிவைக் கொடுப்பவர்கள்தான் நல்ல பேரிட்டியைத் தாங்களே அழிக்கிறார்கள்.

வாரம் ஒருமுறை ஸ்க்ரப். ஒவ்வொரு தடவையும் 8 சதவீதம் படித்துச் சரிபார்க்கும், மூன்று மாதத்தில் ஒரு சுற்று வரும். 20 என்று கூட்டினால் ஐந்து வாரம். மிர்ரருக்கு மாதம் ஒருமுறை. ஸ்மார்ட் எச்சரிக்கை மின்னஞ்சல் உண்மையிலேயே வருகிறதா என்று ஒரு சோதனை மடல் அனுப்பிப் பாருங்கள்.

படி 9: டிஸ்க் போனால்

முதல் வேலை, இரவு சிங்கை நிறுத்துவது. மற்ற எதற்கும் முன்னால் இது. பிறகு கேபிளையும் போர்ட்டையும் மாற்றிப் பாருங்கள். டிஸ்க் தள்ளாடினாலும் படிக்க முடிகிறதென்றால், புது டிஸ்க்குக்கு, கோப்புகளின் தேதி-நேரக் குறிப்பு மாறாமல், எவ்வளவு முடியுமோ அவ்வளவு நகலெடுங்கள். மிச்சத்தை மட்டும் பேரிட்டியிலிருந்து எடுத்தால் போதும். முற்றிலும் செத்திருந்தால் புது டிஸ்க்கைப் பழையது இருந்த அதே இடத்தில் இணைத்து, அந்த டிஸ்க்கின் பெயரைக் குறிப்பிட்டு ‘ஃபிக்ஸ்’ ஓட்டுங்கள். 8 டிபி நிறைய இருந்தால் ஏறக்குறைய ஒரு நாள். அடுத்து ‘செக்’ ஓட்டிச் சரியென்று பார்த்த பிறகே சிங்க். இந்த வேலை முடியும்வரை மற்ற டிஸ்க்குகளில் எதையும் அழிக்காதீர்கள், நகர்த்தாதீர்கள். படம் பார்ப்பதில் தவறில்லை.

படி 10: பெரிதாக்குதல்

அதே அளவு டிஸ்க் என்றால் ஃபார்மட் செய்து, அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்து, சிங்க் ஓட்டினால் முடிந்தது. நான்கு தரவு டிஸ்க் வரை ஒரு பேரிட்டி போதும். ஐந்தானால் இரண்டாவது பேரிட்டி வையுங்கள்.

பெரிய டிஸ்க் வாங்கினால் முதல் பெரியது பேரிட்டிக்குத்தான் போக வேண்டும். 16 டிபி டிஸ்க் ஒன்று வந்தால், பேரிட்டிக் கோப்பை அதற்கு நகலெடுத்து, அமைப்பில் இடத்தை மாற்றி, ஒரு சிங்க், ஒரு ஸ்க்ரப். பிழை ஏதும் இல்லையென்றால் பழைய பேரிட்டி 8 டிபியைத் துடைத்துத் தரவுக்கு எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவது 16 டிபியிலிருந்துதான் பெரிய டிஸ்க்கின் முழு இடமும் கைக்கு வரும். அப்போது வெளியேறும் மூத்த 8 டிபியை விற்க வேண்டாம். நீண்ட சோதனை ஓட்டி, போட்டோக்களை ஏற்றி, நுரைத்தாளில் சுற்றி அக்கா வீட்டு பீரோவில் வையுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை பொங்கலுக்குப் போகும்போது எடுத்துவந்து புதுப்பியுங்கள். ஏற்றிய பிறகு பத்துப் படத்தையாவது திறந்து பாருங்கள்.